பயிற்சி ஆட்டம் பார்க்கப் போன சித்தப்பா

ஐம்பதைத் தாண்டிய என் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் உங்கள் பிள்ளைகள் நம்பமாட்டார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். நாங்கள் லண்டன் ஹவுன்ஸ்லோவில் வளர்ந்த காலத்தில், ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்கள் யாரும் ஓரிடத்தைப் பார்ப்பதற்காகப் போனதில்லை. போனால் அங்கே இருப்பதற்காகத்தான் போவார்கள். இப்போது என் மகள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு முதுகுப்பையோடு கிளம்பி, எங்கோ ஒரு கடற்கரையில் படுத்துக் கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை மறுபடி வேலைக்குப் போகிறாள். அன்றைக்கோ, யாராவது வந்து இரண்டு கிழமை லீவு எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், அம்மா சமையலறைக்குள் போய், வழிக்குக் கட்டிக்கொடுக்கும் பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கத் தொடங்கிவிடுவார்.

காரணம் உங்களுக்குத் தெரியும். லண்டனில் விசாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்தான் தந்தார்கள். கனடாவில் எல்லாம் சீக்கிரம் கிடைக்கும், ஆட்களைக் கூப்பிடலாம், வீடு வாங்கலாம் என்று பேச்சு. அமெரிக்காவில் எப்படியாவது இறங்கிவிட்டால் எல்லையைக் கடந்து அங்கே போய்விடலாம் என்று ஆளனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் சொன்னார்கள். போகிறவர் சொல்லமாட்டார், இருக்கிறவர் கேட்கமாட்டார். அதுதான் மரியாதை. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் ஜெர்மனியில் மச்சானின் வீடு குடிபூரலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் மொன்றியலிலிருந்து அவருடைய வாழ்த்து அட்டை வந்தது. லண்டனிலேயே எட்மண்டனில் இருந்த ஒரு குடும்பம் நான்கு நாள் கடற்கரையில் நிற்கப் போவதாகச் சொல்லி வீட்டுச் சாவியை அப்பாவிடம் தந்துவிட்டுப் போனது. அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை, உள்ளே அவளுடைய பெயரை அடித்துவிட்டு, நான் நெடுநாள் சுமந்தேன்.

இந்த வழக்கத்துக்குள்தான் எங்கள் சித்தப்பா மாட்டிக்கொண்டார்.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டின் சின்ன அறையில் இருந்தார். கட்டிலைப் போட்டபின் அந்த அறையின் கதவு பாதிதான் திறக்கும். ஹீத்ரோவில் வந்து இறங்கும் விமானங்களுக்குள் ஏறிக் கூட்டித் துடைத்துக் குப்பை அள்ளும் வேலை. அதற்கு முன் கப்பலில் இருந்தவர். அந்தக் கப்பல் ஒருமுறை ஃபுளோரிடாவில் ஒரு துறைமுகத்தில் எஞ்சின் பழுதாகி மாசியும் பங்குனியும் நின்றுவிட்டது. பகலில் கரையிறங்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். செய்ய ஒன்றுமில்லாமல் ஒரு வீதியில் நடந்து போனவர், ஒரு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் பந்து எறிந்துகொண்டிருப்பதைக் கண்டார். அன்றைக்குப் பிடித்தது.

பேஸ்பால். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. குளிர் முடிவதற்கு முன்பே அணிகளெல்லாம் வெயில் உள்ள இடத்துக்கு வந்து சில கிழமைகள் பயிற்சி எடுப்பார்கள், தங்களுக்குள் ஆடியும் பார்ப்பார்கள். ஸ்பிரிங் டிரெய்னிங் என்று பெயர். அந்த ஆட்டங்களில் யார் வென்றாலும் கணக்கில்லை. கணக்குள்ள ஆட்டம் அதற்குப் பிறகு அவரவர் ஊரில் தொடங்கும். தொடங்குவதற்கு முன் சித்தப்பாவின் கப்பல் திருத்தி முடிந்து புறப்பட்டுவிட்டது. ஆக, வாழ்க்கையில் அவர் கணக்குள்ள ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அவருக்குப் பிடித்தது இந்தப் பயிற்சிதான். காலையில் தண்ணீர் அடித்த புல்லின் மணத்தைச் சொல்லுவார். இத்தனை பேர் ஒரே நேரத்தில் குனிந்து பெருவிரலைத் தொடுவதை எழுந்து நின்று செய்து காட்டுவார். பெரிய பெயர் எடுத்தவர்களும் பெயரே கேள்விப்படாத பெடியன்களும் ஒரே வரிசையில் நிற்பார்களாம். கடைசியில் அந்தப் பெடியன்களில் அரைவாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆனால் முதல் கிழமையில் யாரென்று யாருக்குத் தெரியும்?

“அந்த நேரம் ஒருத்தரும் இன்னும் தோற்கேல்லைப் பிள்ளை,” என்று என்னிடம் சொன்னார். “அதுதான் எனக்குப் பிடிக்கும்.”

தை மாதம் பிறந்ததும் வீட்டில் தேங்காய் எண்ணெய் மணக்கத் தொடங்கும். துறைமுகத்தில் வாங்கி வந்த தோல் கையுறை ஒன்று அவரிடம் இருந்தது. பந்தைப் பிடிக்க இடது கையில் மாட்டுவது. இரண்டு கைகளும் சேர்ந்தது போலப் பெரிசு. குளிரில் விறைத்துப் போயிருக்கும் அந்தத் தோலுக்கு எண்ணெய் பூசி, உள்ளே சிவப்புத் தையல் போட்ட பந்தை வைத்து, பழைய சாரத்தைக் கிழித்த துணியால் கட்டி, மெத்தைக்குக் கீழே வைத்துப் படுப்பார். படுக்கை விரிப்பெல்லாம் எண்ணெய்க் கறை. அம்மா விமானச் சத்தத்துக்கு மேலால் ஏசுவார். அந்தக் கையுறை பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்ததென்று யாருக்கும் தெரியாது. என் தம்பியும் நானும் அதில் பந்தை விழுத்திக் கேட்ட அந்தச் சத்தத்தை வேறெதிலும் நான் கேட்கவில்லை.

மாசியில் அவர் ஆட்களோடு ஷிப்ட் மாற்றத் தொடங்குவார். ஃபுளோரிடாவிலிருந்து வரும் விமானங்களாகப் பார்த்து எடுத்துக்கொள்வார். அந்த விமானங்களில் நீண்ட பயணம் முடித்து இறங்கும் சனம் பழைய பேப்பர்களைச் சீட் பாக்கெட்டுகளில் விட்டுவிட்டுப் போகும். குப்பைப் பைக்குள் போகவேண்டியவை. அவற்றில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவார். சிகரெட்டும் காப்பியும் தோடம்பழத் தோலும் கலந்த மணம் அதில். மேசையில் விரித்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். எவனுக்குத் தோள்மூட்டு வலி, எவன் புதிதாக வந்திருக்கிறான், எவன் குளிர்காலம் முழுக்கத் தின்று கொழுத்துப்போய் வந்து ஓட முடியாமல் மூச்சு வாங்குகிறான். கொழுத்தவன் செய்தி வந்த நாளில் சித்தப்பாவுக்குத் தனிச் சந்தோஷம். தாளின் மறுபக்கத்தில் பெரும்பாலும் வேலை விளம்பரங்கள் இருந்தன. அம்மா அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்.

எனக்குப் பத்து வயதான வருடம் அவருக்கு அமெரிக்க விசா கிடைத்தது. அதற்கு முந்திய வருடம் கேட்டு இல்லையென்று சொல்லியிருந்தார்கள். கப்பலில் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பிய பதிவு இருந்ததாலோ என்னவோ, இரண்டாம் முறை தந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில், பிளாஸ்டிக் விரிப்பின் மேல், டிக்கெட்டை வைத்தார். மாசிக் கடைசியில் போய் இரண்டு கிழமை டிரெய்னிங் பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னார்.

அப்பா டிக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“ஆரோட போறாய்?”

“தனியத்தான் அண்ணை.”

“ம்,” என்றார் அப்பா. அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை.

சித்தப்பா படுக்கப் போனபின் அம்மா, இத்தனை வருடம் பேப்பர் பொறுக்கினது ஏனென்று இப்போதுதானே விளங்குகிறது என்றார். திரும்பி வரும் டிக்கெட்டும் இருக்கிறதே என்று நான் கேட்டேன். அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், எல்லா ஏஜென்சியும் அப்படித்தான் எடுத்துக் கொடுப்பது என்று அப்பா பொறுமையாக விளக்கினார். பத்து வயதில் எனக்கு அது சரியாகவே பட்டது.

இதிலே பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சித்தப்பாவுக்கு லண்டனின் மறுமுனையில், வால்தம்ஸ்டோவில், ஒரு பெண் பேசி, இரண்டு வீட்டுக்கும் சம்மதமாகி, நாள் வைப்பது மட்டும் பாக்கியாக இருந்தது. அந்த வால்தம்ஸ்டோ அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். சித்தப்பா அவரை இரண்டு தரம்தான், அதுவும் எல்லோரும் சுற்றியிருக்க, கண்டிருந்தார். முதல் தரம் கண்டுவிட்டு வந்த நாளில் சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் கிடந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கனடாவுக்குப் போகிறார் என்ற கதை அந்த வீட்டுக்குப் போனால் கல்யாணம் அதோடு சரி. கதை போகாமல் இருக்குமா?

அதனால் சித்தப்பாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அக்காவின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகிறவர் போகலாம், தன் பிள்ளையை ஏன் காத்திருக்கச் சொல்கிறீர் என்று கேட்டிருக்கிறார். காத்திருக்கச் சொல்லவில்லை, பங்குனி நடுப்பகுதி ஞாயிற்றுக்கிழமை நான் லண்டனில் நிற்பேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அக்கா அறைக்குள் இருந்தாராம். வந்து இதைச் சொன்னபோது சித்தப்பாவின் முகம் நன்றாக இருக்கவில்லை. போகாமல் விடுங்கள் என்று தம்பி சொன்னான். சித்தப்பா அவன் தலையைத் தடவிவிட்டார். இப்போது நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபம்கூட வருகிறது. அவ்வளவு பிடித்த பெண்ணைப் பணயம் வைத்துப் பந்து பார்க்கப் போகிற மனிதர் எப்படிப்பட்டவர்? ஆனால் அவர் எதையும் பணயம் வைப்பதாக நினைக்கவில்லை. போகிறேன், வருகிறேன் என்று சொன்னால் நம்பத்தானே வேண்டும் என்று அவர் நினைத்தார்.

கடைசி இரண்டு நாட்களும் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருவரும் விடைபெற வந்ததாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கமாக வந்தோம் என்றார்கள். எங்கள் வீதியில் மளிகைக்கடை வைத்திருந்த மாமா, ஸ்காபரோவில் இருக்கும் தன் தங்கைக்கென்று ஒரு பை மிளகாய்த்தூள் கொண்டுவந்தார். சித்தப்பா, நான் கனடாப் பக்கமே போகவில்லை, ஃபுளோரிடாவுக்கும் அதற்கும் ஆயிரக்கணக்கான மைல் என்றார். ஓம் ஓம் என்று மாமா கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பையை அவர் பெட்டிக்குள் வைத்தார். இன்னொருவர் தன்னுடைய தடித்த குளிர்க் கோட்டையே கழற்றிக் கொடுத்தார். சித்தப்பாவின் பெட்டிக்குள் அரைக்கைச் சட்டைகளும் ஒரு வெயில் தொப்பியும்தான் இருந்தன. அதைப் பார்த்தவர்கள் கெட்டிக்காரன், சந்தேகமே வராது என்று தங்களுக்குள் மெச்சிக்கொண்டார்கள். அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல அவருடைய திறமையைப் பற்றிய மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது அப்பா, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் மட்டும் அடி, எங்கிருந்து என்று சொல்லவேண்டாம் என்றார். சித்தப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா அழுதார் என்பதை அம்மா பிறகு சொன்னார். நான் பின்சீட்டில் இருந்தும் கவனிக்கவில்லை. அந்தக் குளிர்க் கோட்டைச் சித்தப்பா கட்டிலில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மிளகாய்த்தூளை யாரோ மறுபடி பெட்டிக்குள் திணித்துவிட்டார்கள்.

அவர் போய் ஒரு கிழமையில் ஒரு அஞ்சலட்டை வந்தது. பச்சைப் புல், நீல வானம், ஒரு தென்னை மரம். நல்ல வெயில், கொழுத்தவன் இந்த முறையும் ஓடுகிறான் இல்லை என்று தம்பிக்கும் எனக்கும் எழுதியிருந்தார். அப்பா முத்திரையைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, எழுதி வாங்கி வைத்து ஏஜென்சி ஆட்கள் போட்டிருப்பார்கள் என்றார். அம்மா சித்தப்பாவின் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் கட்டினார். புதிதாக வந்திருந்த ஒரு பெடியனுக்கு அந்தச் சின்ன அறையைக் கொடுத்தார்கள். அவனும் பாவம், ஒரு மாதமாக யாரோ வீட்டு விறாந்தையில் படுத்தவன். வீட்டில் எல்லோரும் துக்கத்தோடும் ஒரு நிம்மதியோடும் இருந்தார்கள். ஒருவன் தப்பிப் போய்விட்டான் என்ற நிம்மதி.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், கதவு தட்டப்பட்டது. சித்தப்பா. கையில் பெட்டி, தலையில் வெயில் தொப்பி. பஸ்ஸில் வந்திருந்தார். நான்தான் திறந்தேன். எனக்குப் பின்னால் வந்த அம்மா அவரைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க வச்சுப் பிடிச்சவங்கள்?” என்று அப்பா கேட்டார்.

ஒருவரும் பிடிக்கவில்லை, லீவு முடிந்தது, நாளைக்கு வேலை என்றார் சித்தப்பா. அப்பா அவர் தோளைத் தட்டி, சரி, முதலில் சாப்பிடு என்றார். அந்தப் பெடியன் அவசரமாக அறையைக் காலிபண்ணத் தொடங்கினான். சித்தப்பா வேண்டாமென்று சொல்லி அன்றிலிருந்து சோபாவில் படுத்தார்.

பிறகு வந்த நாட்கள் செத்த வீடு மாதிரி. அதே ஆட்கள், அதே “இந்தப் பக்கமாக வந்தோம்”. கறுத்து மெலிந்துபோனான், என்ன பாடுபட்டானோ என்று பெண்கள் சொன்னார்கள். அடைத்து வைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்பது இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. எல்லைக்குக் கிட்டப் போய்விட்டானாம் என்றும் ஒரு கதை. சித்தப்பா மிளகாய்த்தூள் பையை அப்படியே கடைக்கார மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார். மாமா அதை வாங்கி நெஞ்சோடு பிடித்தபடி, கவலைப்படாதையும், இன்னொரு வழி வரும் என்றார். அப்பா விசாவைப் பற்றிக் கேட்க ஒரு சட்டத்தரணியிடம் நேரம் எடுத்தார். முதல் நாட்களில் எல்லோருக்கும் விளக்கம் சொன்ன சித்தப்பா, பிறகு சொல்லவில்லை. அந்த மாதத்துப் பேப்பர்களையும் அவர் கொண்டுவரவில்லை. எங்களிடமும் பேசுவது குறைந்துவிட்டது. எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பா வால்தம்ஸ்டோவுக்குப் புறப்பட்டார். கேள்விப்படுவதற்கு முன் நாங்களே போய் மரியாதையாகப் பேச்சை முடித்துக்கொள்வோம் என்றார். கேள்விப்படாமல் இருப்பார்களா என்ன. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் தம்பியையும் என்னையும் கூட்டிப் போனார்கள். சித்தப்பா சவரம் செய்து, சப்பாத்துத் துடைத்து, வந்து காரில் ஏறினார்.

அந்த வீட்டு முன்னறையில் குளிர்காயும் காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் அப்பா கம்பளிச் சட்டையின் பொத்தான்களை எல்லாம் பூட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

“நான் ஒருத்தரிலயும் பிழை சொல்லேல்லை. ஆனால் பிடிச்சுத் திருப்பி அனுப்பின ஆளுக்கு இஞ்ச விசா நீட்டுவாங்களோ? நாளைக்கு என்ர பிள்ளை என்ன செய்யிறது?”

சித்தப்பா மறுபடியும் சொன்னார். பிடிக்கவில்லை, அனுப்பவில்லை, தானாக வந்தேன் என்று. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலிருந்தது. அக்காவின் அப்பா சுவரைப் பார்த்தார். எங்கள் அப்பா தரையைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்து, கடைசியாகச் சித்தப்பாவுக்குக் கொடுத்தார். கொடுத்தவர் போகவில்லை. அங்கேயே நின்று அவர் முகத்தையே பார்த்தார். எங்கள் ஆட்களிடையே அப்படிப் பார்க்கும் வழக்கமில்லை. அம்மா கனைத்தார்.

“அப்பா,” என்றார் அக்கா. “உள்ளுக்க பூட்டி வச்ச ஆளுக்கு மூக்குத் தோல் உரியுமோ?”

அப்போதுதான் நாங்களெல்லோரும் பார்த்தோம். ஒரு கிழமையாக வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த முகம். மூக்கு நுனியிலும் நெற்றியிலும் தோல் உரிந்திருந்தது. கையில் அரைக்கைச் சட்டை முடிகிற இடத்தில் கோடு போட்டதுபோல் இரண்டு நிறம்.

“இது வெயில் எரிச்சது. கோடையில எங்கட கடைக்கு இதுக்கு கிரீம் கேட்டு எத்தினை பேர் வருகினம். காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் வெயிலுக்க இருந்தவர் இவர்.”

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சித்தப்பாவுக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன பாத்தனீங்கள்?” என்று கேட்டார்.

வந்த நாளிலிருந்து இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரோடு பேப்பர் வாசித்த தம்பியும் நானும்கூடக் கேட்கவில்லை. சித்தப்பா தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தொடங்கினார். காலையில் புல் நனைந்திருக்கும், பந்து எறிகிறவர்கள் முதலில் ஓடுவார்கள் என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் தன்னோடு நின்ற ஒரு கிழவர் தினமும் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாணில் பாதியைத் தனக்குத் தந்ததைச் சொன்னார். கொழுத்தவன் ஒருநாள் பந்தைத் துரத்தி விழுந்து புரண்டதை அவர் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். அதன்பின் அவருக்குப் பேச்சு நிற்கவில்லை. பயிற்சி முகாமிலிருந்து விலக்கப்பட்ட ஒரு பெடியன், எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனானாம். இவர் வேலியோடு கூடவே நடந்து போய் அவனுக்குக் கை காட்டினாராம். யாரென்று தெரியாமலே அவனும் காட்டினானாம்.

அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, “அவ்வளவு பிடிச்ச இடமெண்டால் ஏன் திரும்பி வந்தனீங்கள்? நிண்டிருக்கலாமே,” என்றார்.

சித்தப்பாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“போயிட்டு வாறன் எண்டு சொல்லித்தானே போனனான்,” என்றார்.

அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒருநாள் ஒரு வாசலில் நின்று அதே சொல்லைச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள். அப்பா தன் தாயிடம் சொன்னார். அம்மா தன் தாயிடம். அக்காவின் அப்பா யாரிடம் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. ஒருவரும் திரும்பிப் போகவில்லை, போக முடியவுமில்லை. சொன்னபோது அவர்களும் உண்மையாகத்தான் சொன்னார்கள் என்று இப்போது நான் நினைக்கிறேன். அதனால்தான் உண்மையாகவே போய்விட்டு வந்த ஒருவரை அவர்களால் நம்ப முடியாமல் போனது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். அப்பா தன் தம்பியின் முழங்காலில் கைவைத்தபடி இருந்தார்.

அக்காவின் அப்பா எழுந்து உள்ளே போனார். கோபத்தில் போகிறார் என்று நான் நினைத்தேன். கலண்டரோடு திரும்பி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களைப் புரட்டி, வைகாசியில் மண்டபம் கிடைக்காது, ஆவணியில் பார்க்கலாம், அதைவிட்டால் வருகிற மாசி நல்லது என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார்.

“மாசி வேண்டாம் அப்பா,” என்றார் அக்கா. “அந்த நேரம் நாங்கள் இஞ்ச நிக்கமாட்டம்.”